ஈயத்தின் இரு நிறைகள்

பொன் எங்கே பிறந்தாலும் பொன்னே. கோலாரில் அகழ்ந்த பொன்னையும் தென்னாபிரிக்காவில் அகழ்ந்த பொன்னையும் தூய்மை செய்து தட்டாரின் தராசில் இட்டால், இது அந்நாட்டுப் பொன், இது இந்நாட்டுப் பொன் என்று பிரித்துக் கூற ஒருவராலும் இயலாது. இரும்பு, செம்பு, ஈயம் ஆகிய ஏனைய மூலகங்களுக்கும் இவ்விதியே பொருந்தும் என்று அறிஞர் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஐயமின்றி நம்பியிருந்தனர். இந்த நம்பிக்கை பிழையானது என்று காட்டிய பொருள்களுள் ஈயம் முதன்மையானது. அதற்குச் சான்று தந்த கனிப்பொருள்களுள் சில இலங்கை மண்ணிலிருந்து கிடைத்தவை. அவ்வரலாறே இங்கு கூறப்படுகின்றது.

மூலகம் ஒவ்வொன்றும் தனக்கேயுரிய அணுக்களால் ஆனது; ஒரு மூலகத்தின் அணுக்கள் யாவும் நிறையிலும் பிற இயல்புகளிலும் ஒத்தவை. இதுவே மான்செஸ்ரர் நகரில் ஆசிரியத் தொழில் புரிந்த யோன் தாற்றன் என்பார் 1803 ஆம் ஆண்டிற்கும் 1808 ஆம் ஆண்டிற்கும் இடையில் உலகுக்கு அறிவித்த அணுக்கொள்கையின் சாரம். தாற்றன் ஒவ்வொரு மூலகத்தையும் ஒரு சிறு வட்டத்தால் குறித்தார். ஒரு வட்டத்தினுள் புள்ளி, மற்றொன்றினுள் கோடு, வேறொன்று வெறும் வட்டம் என அவை அமைந்தன. அச்சுக் கோப்போருக்கு அவை தொல்லையாயின. ஆகவே சுவீடன் நாட்டு இரசாயனரான பேர்சீலியஸ் 1813 ஆம் ஆண்டளவில், மூலகங்களின் இலத்தீன் பெயர்களின் முதலெழுத்தையோ, முதலெழுத்துடன் பெயரிலுள்ள வேறோர் எழுத்தையோ குறியீடாகக் கொள்ளும் முறையைக் கொணர்ந்தார். ‘பெரம்’ என்னும் இலத்தீன் பெயரால் இரும்பு ‘எவ்-ஈ’ ஆயிற்று. ‘பிளம்பம்’ என்னும் பெயரால் ஈயம் ‘பீ-பீ’ ஆயிற்று. இன்று பாடசாலை மாணவர் மனனஞ் செய்யும் குறியீடுகள் இவ்வழி வந்தவையே.

இக்குறியீட்டின் பொருள் யாது? ‘பீ-பீ’ என எழுதினால் அது ஈயம் என்னும் பெயரின் சுருக்கம் மட்டுமன்று. ஈயத்தின் ஓர் அணுவையும், அவ்வணுவின் நிறையையும் அது சேர்த்துக் குறிக்கும் என்றே இரசாயனர் கொண்டனர். ஐதரசன் அணுவின் நிறையை ஏறத்தாழ ஒன்றெனக் கொண்டால் காபன் 12, ஒட்சிசன் 16, ஈயம் 207 என எண்கள் வந்தன. இவ்வெண்களை நுட்பமாக அளப்பதற்கே வாழ்நாள் முழுவதையும் செலவிட்ட அறிஞர் பலர். ஓர் உப்பைப் பன்முறை பளிங்காக்கித் தூய்மை செய்து, வெற்றிடத்தில் உலர்த்தி, நிறுத்து, மீண்டும் நிறுத்து, மூன்றாந் தசமதானத்துக்காகப் பல மாதங்கள் உழைத்தனர். அணுநிறை மாறாதது, மூலகத்தின் கைரேகை போன்றது என்னும் நம்பிக்கையே அவ்வுழைப்புக்கு அடிப்படையாயிருந்தது.

ஆயினும் ஒரு முள் தொடக்கத்திலிருந்தே உறுத்திக்கொண்டிருந்தது. 1815 ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவரான பிறவுட் என்பார், அணுநிறைகள் யாவும் ஐதரசனின் நிறையின் முழுமடங்குகளே என்றும், ஆதலால் எல்லா மூலகங்களும் ஐதரசனால் ஆனவையாகலாம் என்றும் ஒரு கருத்தை வெளியிட்டார். அழகிய கருத்து. ஆனால் குளோரீன் அதற்கு உடன்படவில்லை. எத்தனை முறை அளந்தாலும் அதன் அணுநிறை 35 ஆகவுமில்லை, 36 ஆகவுமில்லை, ஏறத்தாழ 35.45 என்றே நின்றது. பின்னமான எண்ணொன்று ஒரு கருத்தை வீழ்த்திவிட்டது என்றே பலரும் முடிவு செய்தனர். 1886 ஆம் ஆண்டில் வில்லியம் குறூக்ஸ் என்பார் மட்டும், ஒரே மூலகத்தின் அணுக்கள் நிறையிற் சிறிது வேறுபடலாகாதா, நாம் அளப்பது அவற்றின் சராசரியாக இருக்கலாகாதா என்று வினவினார். வினா சரியானதே. விடையைத் தேடுவதற்கான கருவி அன்று எவரிடமும் இருக்கவில்லை.

விடைக்கு வழி திறந்தது கதிர்த்தொழிற்பாடு. 1896 ஆம் ஆண்டில் பெக்கரல் யுரேனியத்தின் கதிர்களைக் கண்டார். 1898 ஆம் ஆண்டில் கியூரி தம்பதிகள் பொலோனியத்தையும் இரேடியத்தையும் அறிவித்தனர். நூற்றாண்டு திரும்பியதும் கனடாவின் மொன்றியல் நகரில் ஏணஸ்ட் இரதபோட்டும், அவருடன் சேர்ந்துழைத்த பிரெடெரிக் சொடி என்னும் இளம் இரசாயனரும் தோரியத்தை ஆராய்ந்து ஒரு துணிகரமான முடிபுக்கு வந்தனர். கதிர்விடும் அணு தன் இயல்பில் நிலைத்திராது வேறொரு மூலகத்தின் அணுவாக மாறுகின்றது என்பதே 1902 ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட அம்முடிபு. தாற்றனின் அழியாத அணு அன்றே அசைக்கப்பட்டது.

அடுத்த பத்தாண்டுகளில் ஆய்வாளர் ஒவ்வொரு கதிர்ப்பொருளையும் பிரித்து, அதன் ஆயுளை அளந்து, பெயரிட்டனர். அயோனியம், மெசோதோரியம், ரேடியோதோரியம், இரேடியம்-டி, தோரியம்-எக்ஸ் எனப் பட்டியல் நீண்டு ஏறக்குறைய நாற்பது பெயர்களை எட்டியது. ஆனால் உருசிய அறிஞர் மெண்டெலீவ் வகுத்த ஆவர்த்தன அட்டவணையில் ஈயத்துக்கும் யுரேனியத்துக்கும் இடையிலுள்ள கட்டங்கள் ஒரு பன்னிரண்டளவே. நாற்பது விருந்தினருக்குப் பன்னிரண்டு ஆசனங்கள் என்ற நிலை உண்டாயிற்று. புதியவை யாவும் உண்மையான மூலகங்கள் எனின், அட்டவணை பிழையாதல் வேண்டும். அட்டவணை சரியெனின், மூலகம் என்னும் சொல்லுக்குக் கொண்டிருந்த பொருள் பிழையாதல் வேண்டும்.

இந்தக் கட்டத்திலேதான் இலங்கை இவ்வரலாற்றினுட் புகுகின்றது.

கலை வரலாற்றறிஞராக உலகம் போற்றும் ஆனந்த குமாரசுவாமி தம் இளமையில் புவிச்சரிதவியலாளர் என்பதைப் பலர் மறந்துவிடுவதுண்டு. கொழும்பிற் பிறந்த அவர், சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர். இலங்கையின் கனிப்பொருள் அளவைப் பணிக்கு 1903 ஆம் ஆண்டு முதல் 1906 ஆம் ஆண்டு வரை அவரே பணிப்பாளர். சப்பிரகமுவ மாகாணத்தில், இரத்தினக்கல் தேடுவோர் கழுவியெடுக்கும் பரற்கற்களிடையே, கருநிறமும் சதுர வடிவும் வியக்கத்தக்க பாரமும் கொண்ட சிறு பளிங்குகள் கிடைத்தன. மணிக்கல் நாடுவோருக்கு அவை பயனற்றவை. குமாரசுவாமி அவற்றைக் கருத்திற் கொண்டார். யுரேனியக் கனிப்பொருளெனவே முதலில் அவை எண்ணப்பட்டன. 1904 ஆம் ஆண்டில் இலண்டனில் டன்ஸ்ரன் என்பார் பகுத்துப் பார்த்தபோது, அதன் பெரும்பகுதி தோரியம் ஒட்சைட்டு என்பதும், அதுவரை அறியப்படாத புதுக் கனிப்பொருள் அது என்பதும் தெரியவந்தன. தோரியனைற்று என்னும் பெயர் அதற்கு இடப்பட்டது.

அக்கருங்கற்கள் விரைவில் ஐரோப்பாவின் ஆய்வுகூடங்களுக்கு விரும்பத்தக்க பொருளாயின. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஈலியம் முதலிய வாயுக்களை ஆராய்ந்து புகழ்பெற்ற வில்லியம் இராம்சேயிடம், 1904 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், ஜேர்மனியிலிருந்து ஒட்டோ ஹான் என்னும் இளைஞர் வந்து சேர்ந்தார். வந்த நோக்கம் ஆங்கிலம் பழகுவதே. இராம்சே, இலங்கைத் தோரியனைற்றிலிருந்து எடுத்த பேரியம் உப்பு ஒரு கிண்ணம் கொடுத்து, அதிலுள்ள இரேடியத்தைப் பிரித்தெடுக்குமாறு அவரைப் பணித்தார். ஹான் இரேடியத்தைத் தேடினார். அத்துடன் எதிர்பாராத ஒரு கதிர்ப்பொருளும் அகப்பட்டது. தோரியத்தை ஒத்த கதிர்களை அது தோரியத்தைவிடப் பன்மடங்கு வலிமையுடன் வெளிவிட்டது. ரேடியோதோரியம் என்று 1905 ஆம் ஆண்டில் அதற்குப் பெயரிட்டார்.

பெயரிடுதல் எளிதாயிருந்தது, தோரியத்திலிருந்து அதனைப் பிரித்தலே அரிதாயிற்று. இரண்டும் ஒரு முறை கலந்துவிட்டால், எந்த அமிலத்தாலும் எந்த வீழ்படிவாலும் அவற்றை மீளப் பிரித்தல் இயலவில்லை. 1907 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மக்கோய், றொஸ் என்னும் இருவர் பலகால் முயன்று, இரசாயன முறையால் இவற்றைப் பிரித்தல் ஆகாது என்று எழுதினர். அயோனியத்தின் கதையும் அதுவே. அருமண் மூலகங்களைப் பிரிப்பதில் இணையற்றவரான அவுவர் வொன் வெல்ஸ்பக் என்பாரும் அதனைத் தோரியத்திலிருந்து விடுவிக்க இயலாது நின்றார். மெசோதோரியம் இரேடியத்தை விட்டு அகலவில்லை. இரதபோட்டின் ஆய்வுகூடத்தில் ஹெவெசி என்னும் ஹங்கேரிய இளைஞர் இரேடியம்-டி என்பதனை ஈயத்திலிருந்து பிரிக்குமாறு பணிக்கப்பட்டுத் தோல்வியுற்றார்.

தோல்விகள் ஒன்றிரண்டாயின் கைத்திறக் குறை எனலாம். தேர்ந்த கைகள் பல, வெவ்வேறு நாடுகளில், ஒரே விதமாகத் தோற்றால், அத்தோல்வியே ஒரு செய்தியாகும். அச்செய்தியைத் தெளிவாகப் படித்தவர் சொடி. மொன்றியலை விட்டு, இலண்டனில் இராம்சேயுடன் சிறிது காலம் பணியாற்றிய பின், 1904 ஆம் ஆண்டு முதல் அவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இருந்தார். அவருடைய மாணவரான பிளெக் என்பார் கதிர்ப்பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து, இன்னது இன்ன மூலகத்திலிருந்து பிரிக்க முடியாதது என்று வரிசைப்படுத்தினார். அவ்வரிசையிலிருந்து ஓர் ஒழுங்கு புலப்பட்டது. அல்பாத் துணிக்கையை இழக்கும் அணு அட்டவணையில் இரண்டு இடம் பின்செல்கின்றது. பீற்றாத் துணிக்கையை இழக்கும் அணு ஓர் இடம் முன்செல்கின்றது. ஜேர்மனியில் பஜான்ஸ் என்பாரும் 1913 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இவ்வொழுங்கைத் தனியே கண்டு வெளியிட்டார்.

இவ்விதியின் விளைவைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஓர் அணு ஒரு முறை அல்பாவையும் இரு முறை பீற்றாவையும் விட்டால் இரண்டு இடம் பின்சென்று, இரண்டு இடம் முன்வந்து, புறப்பட்ட ஆசனத்திலேயே மீண்டும் அமர்கின்றது. ஆனால் அல்பாத் துணிக்கையின் நிறையான நான்கு அலகை அது இழந்துவிட்டது. இடம் ஒன்று, இரசாயன இயல்பு ஒன்று, நிறை மட்டும் வேறு. ஆகவே நாற்பது விருந்தினரும் பன்னிரண்டு ஆசனங்களில் அமரலாம். ஓர் ஆசனத்திற் பலர் அமர்வதற்குத் தடையில்லை.

இத்தகைய அணுக்களுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. சொடியின் மாமனாரின் கிளாஸ்கோ இல்லத்தில் நடந்த ஒரு விருந்தின்போது அவர் இதனை விளக்க, அங்கிருந்த மார்கிறெற் தொட் என்னும் பெண் மருத்துவர், கிரேக்க மொழியில் ‘சமமான இடம்’ என்று பொருள்படும் ‘ஐசோடோப்பு’ என்னும் சொல்லை எடுத்துக் கொடுத்தார். நாவல்களும் எழுதியவர் அவர். 1913 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ‘நேச்சர்’ என்னும் ஆங்கில அறிவியல் இதழில் அச்சொல் முதன்முதலாக வெளிவந்தது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் வழங்கும் ‘சமதானி’ என்னும் சொல் அதற்கு மிகப் பொருத்தமானது. ‘சம’ என்பது ஒத்த. ‘தானம்’ என்பது இடம். கிரேக்கச் சொல்லின் பொருள் அணுவளவும் குறையாமல் அதில் அமைந்துள்ளது.

பெயர் கிடைத்தமையாற் கொள்கை மெய்யாகிவிடுமா? கதிர்ப்பொருள்களுட் பல கண்ணுக்குப் புலப்படாத அளவிலேயே கிடைப்பவை; தராசிலிட்டு நிறுக்க இயலாதவை. நிறை வேறுபடுகின்றது என்பது கணக்கின் முடிபேயன்றிக் கண்டறிந்த முடிபன்று. அளந்து காட்டுக என்று கேட்பாருக்கு விடை கூறல் வேண்டும். அவ்விடைக்கு ஈயமே ஏற்றதாயிற்று.

யுரேனியத்தின் மாற்றத் தொடரும் தோரியத்தின் மாற்றத் தொடரும் ஈயத்தின் ஆசனத்திலேயே முடிவடைகின்றன என்று சொடியின் விதி கூறிற்று. யுரேனியத்தின் நிறை 238. ஈயமாவதற்குள் அது எட்டு அல்பாத் துணிக்கைகளை, அதாவது 32 அலகுகளை இழக்கும், எஞ்சுவது 206. தோரியத்தின் நிறை 232. அது ஆறு அல்பாத் துணிக்கைகளை, அதாவது 24 அலகுகளை இழக்கும், எஞ்சுவது 208. சாதாரண ஈயத்தின் நிறையோ ஏறத்தாழ 207.2. ஆதலால் யுரேனியக் கனிப்பொருளில் விளைந்த ஈயம் சாதாரண ஈயத்திலும் இலேசானதாயும், தோரியக் கனிப்பொருளில் விளைந்த ஈயம் பாரமானதாயும் இருத்தல் வேண்டும். கொள்கை தன் தலையைத் தராசுத் தட்டில் தானே வைத்தது. ஈயம் எங்கும் ஒரே நிறையினதாயின் சமதானிக் கொள்கை அன்றே வீழ்ந்திருக்கும்.

இலேசான ஈயத்தைத் தேடுவது எளிது. யுரேனியக் கனிப்பொருள்கள் பல நாடுகளிற் கிடைத்தன. பாரமான ஈயத்துக்கு, யுரேனியம் மிகக் குறைந்ததும் தோரியம் மிகுந்ததுமான ஒரு கனிப்பொருள் தேவைப்பட்டது. அத்தகையது இலங்கையிற் கிடைத்த தோரைற்று. தோரியனைற்றுக்கு உறவான வேறொரு கனிப்பொருள் இது. 1914 ஆம் ஆண்டில் சொடியும் ஹைமன் என்பாரும் இலங்கைத் தோரைற்றிலிருந்து சிறிதளவு ஈயத்தைப் பிரித்து அதன் அணுநிறையை அளந்தனர். ஏறத்தாழ 208.4 என்ற எண் கிடைத்தது. பொருள் மிகச் சிறிதாகையால் பின்னங்களை நம்புவதற்கில்லை. ஆயினும் முள் எப்பக்கம் சாய்ந்தது என்பதில் ஐயமில்லை. இலங்கை ஈயம் பாரமான ஈயமே.

அதே ஆண்டில் இலேசான ஈயமும் அகப்பட்டது. அணுநிறையை அளப்பதில் உலகத்திலேயே தலைசிறந்தவர் எனப்பட்டவர் ஹாவட் பல்கலைக்கழகத்தின் தியடோர் றிச்சட்ஸ். அணுநிறை மாறாதது என்னும் நம்பிக்கையின் மேல் தம் வாழ்வைக் கட்டியவர் அவர். பஜான்ஸ் அனுப்பிய லெம்பேட் என்னும் இளைஞருடன் சேர்ந்து, கதிர்க் கனிப்பொருள்கள் பலவற்றின் ஈயத்தை அவர் அளந்தார். சாதாரண ஈயம் 207.15 எனக் காட்டிய அவர்களுடைய முறையில், வட கரோலைனாக் கனிப்பொருளின் ஈயம் 206.40 என்றே காட்டியது. தம் கையாலேயே தம் நம்பிக்கைக்கு மாறான எண்ணைக் கண்ட றிச்சட்ஸ், அதனை மறையாது வெளியிட்டார். அறிவியலின் நேர்மைக்கு இதனிலும் நல்ல எடுத்துக்காட்டு அரிது. வியன்னாவிலும் ஹொனிக்ஷ்மிட் என்பாரும் ஸ்ரெபனி ஹொறோவிற்ஸ் என்னும் பெண் அறிஞரும் பொகீமியாவின் யுரேனியக் கனிப்பொருளிலிருந்து பெற்ற ஈயத்தில் 206.74 என்ற அளவைக் கண்டனர். அவ்வளவு நுட்பமாக அளந்த ஹொறோவிற்ஸ், யூதராய்ப் பிறந்த காரணத்தால் இரண்டாம் உலகப் போரின்போது நாசிகளின் திறெபிளிங்கா வதைமுகாமில் மாண்டார் என்பது இவ்வரலாற்றின் துயரமான அடிக்குறிப்பு.

றிச்சட்ஸ் அளந்த ஈயங்களுள் இலங்கைத் தோரியனைற்றின் ஈயமும் ஒன்று. அது 206.82 என வந்தது. சாதாரண ஈயத்திலும் இலேசானது. இங்கே நேயர்களுக்கு ஓர் ஐயம் எழலாம். தோரைற்றின் ஈயம் பாரமானதாயும் தோரியனைற்றின் ஈயம் இலேசானதாயும் இருப்பது எவ்வாறு? இரண்டும் இலங்கைக் கற்கள் அல்லவா? விடை எளிது. தோரியனைற்றில் யுரேனியமும் கணிசமாகக் கலந்துள்ளது; யுரேனியம் தோரியத்தைவிட விரைந்து ஈயமாக மாறுவது. யுரேனியத்தின் பாதி மாறுவதற்கு 447 கோடி ஆண்டுகள் வேண்டும். தோரியத்தின் பாதி மாறுவதற்கோ ஏறத்தாழ 1400 கோடி ஆண்டுகள் வேண்டும். ஆகவே தோரியனைற்றினுள் யுரேனியம் விளைத்த இலேசான ஈயம் மிகுந்துவிட்டது. பிறந்த நாட்டைப் பொறுத்தன்று, பெற்ற தாயைப் பொறுத்தே ஈயத்தின் நிறை அமைகின்றது என்பதை ஒரே தீவின் இரு கற்கள் உலகுக்கு எடுத்துக் காட்டின.

சொடி அத்துடன் அமையவில்லை. இலங்கைத் தோரைற்றைப் பெருமளவிற் பெற்று மீண்டும் முயன்றார். இம்முறை வேறொரு வழியையும் கையாண்டார். சமதானிகள் நிறையில் வேறுபட்டாலும் பருமனில் ஒத்தவையாதல் வேண்டும்; எனவே பாரமான ஈயம் அதே விகிதத்தில் அடர்த்தியும் கூடியதாதல் வேண்டும். 1915 ஆம் ஆண்டில் அளந்தபோது சாதாரண ஈயத்தின் அடர்த்தி 11.347 ஆகவும், இலங்கைத் தோரைற்று ஈயத்தின் அடர்த்தி 11.376 ஆகவும் இருந்தன. வேற்றுமை நூற்றுக்குக் கால் பங்களவே. அதிலிருந்து கணித்த அணுநிறை 207.74. இரசாயன முறையால் ஹொனிக்ஷ்மிட் பின்னர் பெற்ற எண் 207.77. இரு வழியும் ஓரிடத்திற் சந்தித்தன. சொடிக்கு 1921 ஆம் ஆண்டுக்கான இரசாயன நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

கதிர்விடாத மூலகங்களின் நிலை யாது? கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தொம்சன் 1912 ஆம் ஆண்டிலும் அதனையடுத்தும் நியோன் வாயுவின் மின்னேற்ற அணுக்களைக் காந்தப் புலத்தில் வளைத்துப் பார்த்தபோது, 20 என்னும் நிறைக்கு ஒரு கோடும் 22 என்னும் நிறைக்கு மங்கலான மற்றொரு கோடும் தோன்றின. அவருக்குத் துணையாயிருந்த அஸ்ற்றன், முதல் உலகப் போர் முடிந்ததும் 1919 ஆம் ஆண்டில் திணிவு நிறமாலைமானி என்னும் கருவியை அமைத்தார். குளோரீனை அதனுட் செலுத்தியபோது நூறாண்டுப் புதிர் அவிழ்ந்தது. 35.45 என்னும் நிறையில் ஓர் அணுவேனும் அங்கு இல்லை. 35 நிறையுள்ள அணுக்களும் 37 நிறையுள்ள அணுக்களும் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று என்ற அளவிற் கலந்திருந்தன. பிறவுட்டின் முழுவெண்கள் மீண்டும் உயிர்பெற்றன. குறூக்ஸின் வினாவுக்கும் விடை கிட்டியது. இரசாயனர் ஒரு நூற்றாண்டாக அளந்தது ஒரு கூட்டத்தின் சராசரியையே. அஸ்ற்றனுக்கு 1922 ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது.

அவ்வாறாயின் ஒரு மூலகத்தை இன்னது என்று அடையாளங் காட்டுவது எது? மோஸ்லி என்னும் ஆங்கில இளைஞர் 1913, 1914 ஆம் ஆண்டுகளில் எக்ஸ் கதிர்களைக் கொண்டு இதற்கு விடை கண்டார். அணுவின் கருவிலுள்ள நேர்மின்னேற்றத்தின் எண்ணிக்கையே மூலகத்தின் உண்மை அடையாளம். அதுவே அணுவெண். குளோரீனுக்கு 17, ஈயத்துக்கு 82, தோரியத்துக்கு 90, யுரேனியத்துக்கு 92. ஆகனின் நிறை பொற்றாசியத்தின் நிறையிலும் கூடியதாயிருந்தும் அட்டவணையில் ஆகன் முன்னிற்பதேன் என்னும் பழைய ஐயமும் இதனால் நீங்கியது. மோஸ்லி 1915 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் கலிப்போலிப் போர்க்களத்தில், தம் 27 ஆவது வயதில், உயிர் துறந்தார்.

இனி எஞ்சிய வினா ஒன்றே. மின்னேற்றம் ஒன்றாயிருக்க நிறை மட்டும் வேறுபடுவது எதனால்? மின்னேற்றமில்லாத ஒரு துணிக்கை கருவினுள் இருத்தல் கூடும் என்று 1920 ஆம் ஆண்டில் இரதபோட்டு கூறினார். பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1932 ஆம் ஆண்டில், அவருடைய கேம்பிரிட்ஜ் ஆய்வுகூடத்திலேயே சட்விக் அதனைக் கண்டறிந்தார். அதுவே நியூத்திரன். புரோத்தன்களின் தொகை அணுவெண். புரோத்தன்களும் நியூத்திரன்களும் சேர்ந்த தொகை திணிவெண். எனவே திணிவெண்ணிலிருந்து அணுவெண்ணைக் கழித்தால் நியூத்திரன்களின் தொகை கிடைக்கும். இச்சிறு கழித்தல் முன்கூறிய புதிர்கள் யாவற்றையும் விளக்கிவிடுகின்றது. குளோரீன்-35 இல் நியூத்திரன்கள் 18. குளோரீன்-37 இல் 20. யுரேனியம் ஈன்ற ஈயம்-206 இல் 124; தோரியம் ஈன்ற ஈயம்-208 இல் 126. ஹான் இலங்கைக் கல்லிற் கண்ட ரேடியோதோரியம் உண்மையில் தோரியம்-228. அதில் 138 நியூத்திரன்கள் உள. சாதாரணத் தோரியம்-232 இல் 142 உள. புரோத்தன் இரண்டிலும் 90. நான்கு நியூத்திரன்களே வேற்றுமை எனின், எந்த அமிலம் அவற்றைப் பிரிக்க வல்லது?

அணுக் குறியீடும் இதற்கேற்ப வளர்ந்தது. பேர்சீலியஸின் எழுத்துக்கள் மூலகத்தை மட்டும் குறித்தன. இப்பொழுது எழுத்தின் இடப்பக்க மேன்மூலையில் திணிவெண்ணும் கீழ்மூலையில் அணுவெண்ணும் எழுதப்படுகின்றன. பழைய நூல்களைப் புரட்டுவோர் திணிவெண்ணை வலப்பக்க மேன்மூலையிற் காணக்கூடும், பொருள் ஒன்றே. உண்மையில் கீழெண் எழுத்துக்கு மிகையானது. ‘பீ-பீ’ என்றவுடன் 82 என்பது பெறப்படும். மேலெண்ணே புதுச்செய்தி தருவது. அயோனியம், மெசோதோரியம், ரேடியோதோரியம் என்னும் பெயர்கள் வழக்கொழிந்து, தோரியம்-230, இரேடியம்-228, தோரியம்-228 என்று எண்களாயின. 1931 ஆம் ஆண்டில் யூறி கண்ட பார ஐதரசனாகிய தியூத்திரியமும், அதற்கு இளைய திரித்தியமும் மட்டும் தனிப்பெயரும் தனியெழுத்தும் இன்றளவும் பெற்றுள்ளன. ஐதரசனில் ஒரு நியூத்திரன் கூடினால் நிறை இரட்டிப்பாகி, இயல்பிலும் வேற்றுமை புலப்படுவதே காரணம்.

இவ்வறிவு ஏட்டோடு நின்றுவிடவில்லை. ஈயத்திலிருந்து இரேடியம்-டியைப் பிரிக்க இயலாது தோற்ற ஹெவெசி, பிரிக்க முடியாமையையே பயனாக்கினார். ஈயம் செல்லும் வழியெல்லாம் அதுவும் செல்லுமாயின், அதன் கதிரைப் பின்தொடர்ந்து ஈயத்தின் வழியை அறியலாமன்றோ? 1913 ஆம் ஆண்டில் பனெத் என்பாருடன் அவர் தொடங்கிய இச்சுவடுகாண் முறை அவருக்கு 1943 ஆம் ஆண்டுக்கான நோபெல் பரிசை ஈட்டித் தந்தது. தைரொயிட்டுச் சுரப்பியின் நோயை அறியவும் தீர்க்கவும் அயடீன்-131 கொடுக்கும் மருத்துவ முறைக்கும் அதுவே வித்து. யுரேனியத்தில் ஆயிரத்துக்கு ஏழு பங்களவே உள்ள யுரேனியம்-235, அதனிலும் மூன்று நியூத்திரன் கூடிய யுரேனியம்-238 இலிருந்து பெரும் பொருட்செலவிற் பிரித்தெடுக்கப்பட்டு 1945 ஆம் ஆண்டில் ஹிரோஷிமா நகரை அழித்ததும் இதே அறிவின் மற்றொரு முகம். 1956 ஆம் ஆண்டில் பற்றேசன் என்னும் அமெரிக்க அறிஞர், விண்கற்களில் உள்ள ஈயத்தின் சமதானி விகிதங்களைக் கொண்டே பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் எனக் கணித்தார்.

ஈயத்தின் அணுநிறை இன்று என்ன? ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்தபின், 2021 ஆம் ஆண்டில், அனைத்துலக இரசாயனர் அமைப்பு அதனை ஓர் எண்ணாகக் கூறுவதை விடுத்து, 206.14 முதல் 207.94 வரை என்று ஓர் எல்லையாக அறிவித்தது. ஐதரசன், காபன், ஒட்சிசன், குளோரீன் முதலிய பத்து மூலகங்களுக்கு ஏறக்குறைய பத்தாண்டுகளுக்கு முன்னரே இவ்வாறு எல்லை வகுக்கப்பட்டிருந்தது. எந்த மண்ணிலிருந்து, எந்தத் தாய் மூலகத்திலிருந்து வந்த ஈயம் என்று கேட்டறியாமல் அதன் நிறையை நுட்பமாகக் கூற முடியாது என்பதை அட்டவணையே இன்று ஒப்புக்கொள்கின்றது. பொன்னுக்கு அத்தகைய இக்கட்டு இல்லை. நிலைத்த பொன்னணு ஒரே வகையினது. 79 புரோத்தன், 118 நியூத்திரன். தட்டாரின் தராசு பொய் சொல்லவில்லை. பொன்னுக்குப் பொருந்திய விதியை எல்லாவற்றுக்கும் பொதுவெனக் கொண்டதே மயக்கமாயிற்று.

சப்பிரகமுவவின் பரற்கற்களிடையே மணிக்கல் தேடியவர்கள் ஒதுக்கிய கருங்கற்கள் இம்மயக்கத்தை நீக்க உதவின. அவற்றை ஒதுக்காது எடுத்து நோக்கிய கண்களுக்கும், நூற்றுக்குக் கால் பங்கு வேற்றுமையைப் புறக்கணியாது அளந்த கைகளுக்கும், தம் நம்பிக்கைக்கு மாறாக வந்த எண்ணை மறையாது எழுதிய உள்ளங்களுக்கும் அறிவுலகம் என்றும் கடப்பாடுடையது.